பதினோரு நிமிடங்கள்

"டாக்டரம்மா, முக் ஆயிடுச்சு."

கில் தால்சு அண்ணன் என் மேசைக்கு வந்து இதைச் சொன்னபோது மதியம் இரண்டு மணி இருக்கும். சாப்பிட்ட டப்பாவைக்கூட நான் இன்னும் மூடவில்லை. கருவாலிக்கொட்டை மாவைக் காய்ச்சி ஆறவைத்தால் வருமே, தொட்டால் நடுங்கும் பழுப்புக் கட்டி, அதுதான் முக். அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓடினேன்.

இருபது லிட்டர் கண்ணாடி ரியாக்டரின் நடுவே துழாவும் தண்டு அசையாமல் நின்றது. மேலே மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. தேன் போல ஓட வேண்டியது ஒரே கட்டியாகக் கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன். கட்டி லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

"கரைச்சிப் பாக்கலாமா? டொலுவீன் ஊத்தி?" என்றார்.

"கரையாது அண்ணே."

"சூடு பண்ணினா?"

"இன்னும் இறுகும்."

அவர் கையுறையைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்தார். பிறகு எதற்கோ மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

நாங்கள் செய்துவந்தது ஒளிரும் திரைகளுக்கான ஒரு பாலிமர். ஒளிதரும் பொருட்களை மை போலக் கரைத்து, கண்ணாடியின் மேல் அடுக்கடுக்காக அச்சடித்துத் திரை செய்யும் முறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரே தலைவலி, மேலே பூசும் மை கீழே காய்ந்திருக்கும் அடுக்கைக் கரைத்துவிடும். எங்கள் பாலிமருக்குப் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. கண்ணாடியில் பூசி நூற்று அறுபது டிகிரியில் சுட்டால் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகிவிடும். அதன்பின் மேலே எதை ஊற்றினாலும் அடுக்கு அசையாது. கொக்கி கண்ணாடியில் பிடிக்க வேண்டும், பானையில் பிடிக்கக் கூடாது. டேஜோனில், ஆராய்ச்சிக்கூடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒன்பது பேர் சம்பளம் வாங்கியது இந்த ஒரு வித்தையால்தான். அன்று கொக்கி பானையில் பிடித்துவிட்டது.

கொக்கியுள்ள மூலப்பொருளை நாங்களே ஏழு படிகளில் செய்வோம். நாலு மாத உழைப்பு. கையிருப்பில் முக்கால் பங்கு அந்தக் கட்டிக்குள் போய்விட்டது. ஜனவரி பத்தாம் தேதிக்குள் நூற்றைம்பது கிராம் பாலிமர் தர வேண்டும் என்று திரை செய்யும் பெரிய கம்பெனி கெடு வைத்திருந்தது. அந்தக் கம்பெனியை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெரிய இடம் என்போம்.

எங்கள் முதலாளி யோ சாங்ஜின். நானும் அவரும் ஒரே பேராசிரியரிடம் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், எனக்கு நாலு வருடம் மூத்தவர். அதனால் நான் மட்டும் அவரை 'சீனியர்' என்பேன். அவர் ரியாக்டரைப் பார்த்ததும் கத்தவில்லை. கணினியிலிருந்து சூட்டுப் பதிவை எடுத்து அச்சடித்து மேசையில் விரித்தார். எண்பத்தைந்தில் நேர்க்கோடாகப் போன வரி, காலை பதினொன்றே காலுக்கு மேல் ஒரு மேடு ஏறித் தொண்ணூற்று நாலைத் தொட்டு இறங்கியிருந்தது.

"பதினோரு நிமிஷம்" என்றார். "தால்சு அண்ணே, அந்தப் பதினோரு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

தால்சு அண்ணன் உல்சானில் ஒரு பெயின்ட் ஆலையில் இருபத்தெட்டு வருடம் உலை பார்த்தவர். எங்களிடம் வந்து ஆறு வருடம். ரியாக்டருக்குச் சூடு தரும் எண்ணெய்த் தொட்டியின் சூட்டுக் கருவி பழையது. சில நேரம் அளவைத் தாண்டி ஓடும். பக்கத்தில் நின்று கையால் குறைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"போன் வந்துச்சு" என்றார். "வராந்தாவுக்குப் போயிட்டேன்."

"யார் போன்?"

"வீட்டுலேர்ந்து. அறுபது முட்டைக்கோஸ் வந்து இறங்கியிருக்கு, மழை வர்ற மாதிரி இருக்கு, இன்னிக்கே உப்புல போடவா, நாளைக்குப் போடவான்னு."

நவம்பர் கடைசி. ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அளவெடுக்கும் வேலையில் இருந்த தோ காயோங் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முட்டைக்கோஸ்" என்றார் சாங்ஜின்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹெரான், நீ எதுவும் மாத்தலையே? செய்முறையெல்லாம் பழசுதானே?"

"பழசுதான், சீனியர்" என்றேன்.

அது பொய். சொல்லும்போது அது முழுப் பொய் என்று எனக்கே தோன்றவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நான் நம்பியதை மட்டும் சொல்கிறேன்.

கொக்கிகள் பானைக்குள் விழித்துக்கொள்ளாமல் இருக்க, மூலப்பொருளோடு ஒரு துளி அடக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். தால்சு அண்ணன் அதற்குத் 'தூக்க மாத்திரை' என்று பெயர் வைத்திருந்தார். பெரிய இடத்தில் நாங்கள் பதிவு செய்திருந்த செய்முறையிலும் அது உண்டு. ஆனால் அதைப் பிறகு கழுவி எடுக்க வேண்டும். மூன்று முறை மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவாக்கி, மூன்று முறை உலர்த்த வேண்டும். அப்படியும் துளி தங்கினால் திரையின் ஒளி சீக்கிரம் மங்கும். கோடையில் மாதிரி அனுப்ப வேண்டிய அவசரத்தில் நான் அதைச் சேர்க்கவே இல்லை. சின்னக் குடுவையில் நாலு மணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒரு கொக்கியும் அசையவில்லை. அந்த மாதிரியை வைத்துச் செய்த திரைகள் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக நேரம் எரிந்தன. பெரிய இடம் துள்ளிக் குதித்தது. ஆர்டர் வந்ததே அந்த எண்ணால்தான். செய்முறையில் எதை மாற்றினாலும் முன்கூட்டி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நான் தெரிவிக்கவில்லை. சாங்ஜினிடமும் சொல்லவில்லை. 'பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

ரியாக்டரில் ஏற்றிய அன்று காலை ஆறு மணிக்குத் தால்சு அண்ணன் கேட்டார். "என்ன டாக்டரம்மா, இந்தத் தடவை தூக்க மாத்திரை இல்லையா?"

"வேண்டாம் அண்ணே. இல்லாமலே நல்லா வருது."

"நீங்க சொன்னா சரி."

கூட்டத்தில் அவர் இதைச் சொல்லவில்லை. மறந்தாரோ, சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையோ. போனும் பதினோரு நிமிடமும்தான் அவர் மனதை நிறைத்திருந்தன. மறுநாள் காலை நாங்கள் வரும்முன்பே அலமாரியைக் காலி செய்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தைச் சாங்ஜினின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடவே ரியாக்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு தாளில் எழுதியிருந்தார். கட்டியை மரக்கரண்டியால்தான் வெட்டி எடுக்க வேண்டும், இரும்பு பட்டால் கண்ணாடி கீறும் என்று அதில் இருந்தது. மரக்கரண்டியும் வாங்கி வைத்திருந்தார்.

அதைக் கொண்டு நானும் காயோங்கும் இரண்டு நாள் கட்டியைத் தோண்டினோம்.

"பாவம்க்கா அந்த மனுஷன்" என்றாள் காயோங். "ஆனா ஒரு போனுக்கு வெளிய போவாங்களா? நம்ம எல்லார் பொழப்பும் அதுக்குள்ள இருக்குன்னு தெரியாதா?"

நான் தோண்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள், யாரிடமும் சொல்லாமல், இரண்டு சின்னக் குடுவைகளை வைத்தேன். ஒன்றில் அடக்கும் பொருள் சேர்த்தேன். நடுவில் வேண்டுமென்றே தொண்ணூற்று நாலுக்கு ஏற்றிப் பதினோரு நிமிடம் வைத்தேன். மற்றொன்றில் சேர்க்கவில்லை. எண்பத்தைந்திலிருந்து அரை டிகிரிகூட ஏறவிடவில்லை. ஆனால் இரண்டையும் ரியாக்டருக்கு முழுதாக ஆகும் அளவு நேரம் வைத்தேன். பெரிய பானை சூடேற நேரம் எடுக்கும், ஆற அதைவிட நேரம் எடுக்கும். மொத்தம் பதிமூன்று மணி நேரம் ஓட விட்டேன்.

எட்டாவது மணி நேரத்தில் இரண்டாவது குடுவையில் துழாவும் காந்தத் துண்டு சுழல்வதை நிறுத்தியது. குடுவையைக் கவிழ்த்தேன். எதுவும் கீழே விழவில்லை. முதல் குடுவை கடைசிவரை தண்ணீர் போல ஓடியது.

பதினோரு நிமிடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செய்தது நான்.

இரண்டு குடுவைகளையும் கழிவுப் பீப்பாயில் கொட்டினேன். நோட்டில் எழுதவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. சொன்னால் கோடை மாதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண் பொய்யான அடித்தளத்தில் நின்றது என்றால் பெரிய இடம் ஒரே நாளில் கதவைச் சாத்தும். ஒன்பது பேரில் எட்டு பேர் மிச்சம் இருக்கிறோம் என்று எனக்கு நானே கணக்குச் சொன்னேன். தால்சு அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் எந்த ஊரில் கிடைக்கும்?

இதற்கிடையே சாங்ஜின் பெரிய இடத்துக்கு அறிக்கை எழுதினார். 'ஆள் தவறு. சம்பந்தப்பட்ட கில் தால்சு நீக்கப்பட்டார். இனி உலைக்கு அருகில் போன் அனுமதியில்லை.' அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆள் தவறு என்றால் பொருளில் குறை இல்லை என்று அர்த்தம். மறு வாய்ப்பு கொடுத்தார்கள்.

மிச்சமிருந்த மூலப்பொருள் போதவில்லை, குறைந்த அளவுக்கு மட்டும் ஏழு படிகளையும் இராப்பகலாக மறுபடி செய்தோம். டிசம்பர் முழுக்க ஞாயிறு கிடையாது. காயோங்கின் கைவிரல்கள் கரைப்பானில் வெடித்து, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தாள். இறுதிப் படியை நானே நின்று ஓட்டினேன். அடக்கும் பொருளைச் சேர்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார். காலை ஆறு மணிக்கு ஏற்றி, எண்ணெய்த் தொட்டியின் பக்கத்திலேயே நின்றேன். கழிவறைக்குப் போகவில்லை. கட்டியாகிவிட்டால் ஜன்னலைத் திறந்து குதித்துவிடலாமா என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். மூன்றாம் மாடிதானே, சாகவும் மாட்டேன் என்று மறு நிமிடம் தோன்றியது. அந்த அளவுக்குத்தான் என் புத்தி வேலை செய்தது.

கட்டியாகவில்லை. மெத்தனாலில் ஊற்றியபோது மஞ்சள் நூலாக விழுந்தது. மூன்று முறை கழுவினோம். நூற்று ஐம்பத்திரண்டு கிராம். காயோங் கண்ணாடியில் பூசிச் சுட்டு, டொலுவீனில் கழுவி, முன்னும் பின்னும் அளந்தாள்.

"தொண்ணூற்றொன்பது பர்சென்ட் அப்படியே நிக்குதுக்கா!" என்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாங்ஜின் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கத்தியால் வெட்டிப் போடும் நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். எலும்புக் குழம்பின் ஆவிக்கு நடுவே கோப்பையைத் தூக்கினார். "ஒரு பாடம் கத்துக்கிட்டோம். பதினோரு நிமிஷம். அத யாரும் மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டோம்!" என்றார்கள்.

நானும் கோப்பையைத் தூக்கினேன். நூடுல்ஸ் தொண்டையில் இறங்கியது. அது இறங்கியதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

புது வருடம் பிறந்து நாலாம் நாள் காயோங் என் மேசைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தால்சு அண்ணன் ஒக்சோன்ல பார்சல் பிரிக்கிற இடத்துல இருக்காராம்க்கா. லாரியில மூட்டை இறக்குறாராம். அவர் சம்சாரம் குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சிடுச்சு. அஞ்சு மணி நேரம் தரையில கெடந்திருக்காங்க. பக்கத்து வீட்டம்மா வந்து பாத்துத்தான் தூக்கினாங்களாம்."

"போன் இல்லையா அவங்ககிட்ட?"

"இருந்துச்சாம். ஏனோ யாரையும் கூப்பிடல."

அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு ஒக்சோனுக்குப் போனேன். இரவு வேலை முடிந்து ஆட்கள் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். எல்லோர் தலையிலும் அட்டைப்பெட்டித் தூசி. அவரை நான் அடையாளம் காணவில்லை. அவர்தான் என்னைக் கண்டார்.

"டாக்டரம்மா? இங்க என்ன?"

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "அது உங்களால ஆகல அண்ணே" என்றேன். "பதினோரு நிமிஷத்தால ஆகல. தூக்க மாத்திரை போடாததால ஆச்சு. நான் செஞ்சு பாத்துட்டேன். நீங்க போன மூணாம் நாளே எனக்குத் தெரியும்."

அவர் நான் சொன்னதை மெதுவாகப் புரிந்துகொண்டார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு முன்னே போனது.

"மூணாம் நாளா?"

"ஆமா."

"இன்னிக்கு என்ன தேதி?"

"அஞ்சு."

விரல் விட்டு எண்ணினார். உண்மையாகவே எண்ணினார், நவம்பரிலிருந்து. "நாப்பது நாளு" என்றார். "நாப்பது நாளு நான் வீட்டுல வாயத் தொறக்கல தெரியுமா? அவ என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். ஒரு முட்டைக்கோஸுக்காக ஒம்போது குடும்பத்த கவுத்துட்டியேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். அதுக்கப்புறம் அவ எனக்குப் போனே பண்றதில்ல. வேலை நேரத்துல கூப்பிட்டா கெட்டது நடக்கும்னு. விழுந்து கெடந்தப்பவும் கூப்பிடல. போனக் கையில புடிச்சிக்கிட்டே கெடந்தா டாக்டரம்மா. கையில புடிச்சிக்கிட்டே."

நான் குனிந்தேன். மன்னிப்புக் கேட்க எங்கள் பக்கம் எப்படிக் குனிவோமோ அப்படி, இடுப்பு வளைய. அவர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அன்பாக அல்ல. பிடி வலித்தது.

"என்கிட்ட குனியாதீங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவகிட்ட போய்ச் சொல்லுங்க. உங்க வாயால. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பா."

மருத்துவமனையில் ஆறு கட்டில் போட்ட வார்டில், ஜன்னல் ஓரம் படுத்திருந்தார் அவர் மனைவி மால்சுக். ஒல்லியான அம்மாள். நான் யார் என்று தால்சு அண்ணன் சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே தலையைத் தாழ்த்தி, "எங்களால உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம்" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

சொன்னேன். இந்த முறை ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னேன். வேதியியல் எதுவும் பேசவில்லை. ஒரு பொருளைப் போட வேண்டும், நான் போடவில்லை, அதனால் கெட்டுப்போனது. அண்ணன் அங்கேயே நின்றிருந்தாலும் கெட்டுத்தான் போயிருக்கும்.

"அப்போ என் போனால இல்லையா?"

"இல்லம்மா."

"நான் கூப்பிடாம இருந்திருந்தாலும்?"

"இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

"நிச்சயமாவா? படிச்ச பொண்ணு, சும்மா சொல்லாத."

"ரெண்டு குடுவையில செஞ்சு பாத்தேன்மா. நிச்சயம்."

அவர் கணவரைப் பார்த்தார். தால்சு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகிறாரா என்று முதலில் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்கள். "போயிட்டு வாங்க" என்றார் தால்சு அண்ணன், திரும்பாமலே.

அன்று மதியமே சாங்ஜினின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாம் சொன்னேன், கோடை மாதிரி உட்பட. அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏழாம் தேதி பெரிய இடத்து பியோன் மேனேஜர் பாக்க வர்றாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"இப்ப குடுக்கப் போற சரக்கு பதிஞ்ச செய்முறைப்படிதானே இருக்கு?"

"ஆமா. ஆனா கோடையில குடுத்த சாம்பிள் அளவுக்கு எரியாது. கொஞ்சம் குறையும். ஏன்னு கேப்பாங்க."

"ஆயிரம் காரணம் சொல்லலாம். கண்ணாடி, மை, காத்துல ஈரம்."

"சீனியர், தால்சு அண்ணன் பேர் அறிக்கையில இருக்கு."

"மாத்தினா எட்டுப் பேர் பேரும் போகும்!" முதல் முறையாகக் கத்தினார். "ஒரு ஆளுக்காகவா? அந்த ஆளுக்கு வேணும்னா நானே வேலை பாத்துத் தர்றேன். நீ நல்லவளாகணும்னா ஆகிக்க, எங்க செலவுல ஆகாத!"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. வெளியே வந்தபோது காயோங் நின்றிருந்தாள். சுவர் மெல்லியது. அவள் முழுவதும் கேட்டுவிட்டாள்.

"அக்கா, எனக்கு மார்ச்சில கல்யாணம்" என்றாள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஒரு நாளில் பத்துத் தடவை முடிவெடுத்தேன். தால்சு அண்ணன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மால்சுக் அம்மாளுக்கு உண்மை தெரிந்துவிட்டது, அது போதாதா? போதும் என்றுதான் ஏழாம் தேதி காலைகூட நினைத்தபடி உள்ளே வந்தேன்.

பியோன் மேனேஜர் அமைதியான ஆள். காலணி உறையை அவரே குனிந்து மாட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் பார்த்தார், நல்ல வார்த்தை சொன்னார். ரியாக்டருக்கு முன்னால் நின்று, உலைக்கு அருகில் போன் கூடாது என்ற புது அறிவிப்பைப் படித்தார்.

"அந்த ஆள் போயிட்டாரா?"

"போயிட்டார்" என்றார் சாங்ஜின்.

"நல்லது. அப்படிப்பட்டவங்களோட வேலை செய்யறது ஆபத்து." சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்பவர் போல, நோட்டைப் புரட்டியபடி கேட்டார்: "கோடையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் செய்முறையில மாற்றம் எதுவும் இல்லையே?"

சாங்ஜின் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த காயோங்கும் பார்த்தாள்.

ஆபத்து என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்தான். அது இல்லாவிட்டால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

"இருக்கு" என்றேன். "நான் மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. கோடையில உங்களுக்கு அனுப்பின சாம்பிள், பதிஞ்ச செய்முறைப்படி செஞ்சது இல்ல. நவம்பர்ல கட்டியானதும் அதனாலதான். கில் தால்சு மேல தப்பு எதுவும் இல்ல. அறிக்கை தப்பு."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "எழுத்துல அனுப்புங்க" என்றார். காலணி உறையைக் கழற்றி, மடித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் படியிறங்கும்போது சாங்ஜின் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"உன்ன நான் மன்னிக்க மாட்டேன் ஹெரான்" என்றார். "எப்பவும் மாட்டேன். ஆனா நீ வாயத் தொறந்தப்ப நான் குறுக்க பேசியிருக்கலாம். பேசல. அதையும் சேத்து ஞாபகம் வச்சுக்க."

பெரிய இடம் எங்களை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. பிறகு அந்த ஆர்டரையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. எட்டுப் பேரில் ஐந்து பேர் போனோம். சாங்ஜின் மிச்சமிருந்த இருவரோடு வேறு ஏதோ பூச்சுப் பொருள் செய்கிறார். தால்சு அண்ணனின் பெயரை நீக்கித் திருத்திய அறிக்கை அவர் கையெழுத்தோடுதான் போனது. அதன் நகலை அவரே ஒக்சோனுக்குத் தபாலில் அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தால்சு அண்ணனைத் திரும்பக் கூப்பிட வேலை இருக்கவில்லை. அவர் இன்னும் பார்சல்தான் பிரிக்கிறார். ஒரு முறை அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

காயோங்கின் கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டில் காரணம் வேறு சொன்னார்கள். ஏப்ரலில் ரயில் நிலையத்தில் எதிரெதிரே வந்தோம். அவள் நின்றாள். என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, நீங்க செஞ்சது சரிதான்" என்றாள். "ஆனா எனக்கு உங்களப் பாக்கப் பிடிக்கல."

சொல்லிவிட்டுத் தன் ரயிலுக்குப் போனாள். அவளுடைய பெட்டி கனமாக இருந்தது. தூக்கிவிடலாமா என்று ஓரடி வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே அதைப் படியில் இழுத்து ஏற்றிக்கொண்டாள்.